மேல் கொக்கி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவுக்கு இருமல் என்று சித்தி சொன்னாள். இப்போது எப்படி இருக்கிறார்?

நான் மறுபடி விமானம் ஓட்டப் பழகுகிறேன். போன வாரம் தனியாகப் பறக்கும்போது ரேடியோ செத்துப்போனது. கை தானாக அதை நோண்டப் போனது. "முதல்ல ஓட்டு, அப்புறம் நோண்டு" என்று உன் குரல் அப்படியே காதில் கேட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் 'இறங்கலாம்' என்று காட்டிய பச்சை விளக்கைப் பார்த்து இறங்கிவிட்டேன். எல்லாரும் கைகொடுத்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் இருக்கிறதா? பறக்கும் கிளப்பின் குட்டி விமானத்தை நீ ஓட்டுவாய், நான் பக்கத்தில் கதவோரம். வீட்டைப் பூட்டும்போது "கேஸ்? குழாய்?" என்று கேட்பாயே, ஓடுபாதை முனையிலும் அதே ராகம்தான். அந்தக் கடைசி ஞாயிறன்று, "கதவுல மேல் கொக்கி போட்டியாடா?" என்றாய். கேமராவைத் திருகிக்கொண்டே, "போட்டாச்சு, போட்டாச்சு" என்றேன். தொடக்கூட இல்லை.

விமானம் மேலே எழும்பியதும் கதவு திறந்துகொண்டது. "கதவை விடுடா, அசையாம உக்காரு!" என்று கத்தினாய். நான் அதை இழுக்கப் போய், என் பக்கம் இருந்த, விமானத்தை ஓட்டும் இன்னொரு கைப்பிடியை முட்டியால் தள்ளிவிட்டேன். விமானத்தின் மூக்கு கீழே போனது. அதைத் தூக்கிச் சுற்றி வந்து இறக்கியது நீ. முன்சக்கரம் உடைந்ததோடு போயிற்று.

விசாரணையில், "கொக்கி போட்டியான்னு அக்கா கேக்கவே இல்ல" என்றேன். பக்கத்தில் நின்ற நீ மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பயிற்சியாளர் வேலைதான் பறிபோனது. கிளப்புக்கு இப்போது உண்மையை எழுதட்டுமா? வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன்.

உன்
குட்டி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது, குறட்டைதான் நிற்கவில்லை. ரேடியோ செத்தும் நீ ஒழுங்காக இறங்கியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அதற்கு மேல் மனசுக்குள் படித்தேன்.

நீ பார்க்காமலே "ஆச்சு" என்பவன் என்று எனக்குத் தெரியாதா? வீட்டில் நீ பதில் சொன்ன பிறகும் நானே போய்க் குழாயைத் தொட்டுப் பார்ப்பேன். அன்று கை நீட்டினால் கொக்கி எட்டியிருக்கும். வெயில் இதமாக இருந்தது, நீ ஏதோ உளறிச் சிரிக்க வைத்தாய், விட்டுவிட்டேன். விசாரணையில் வாய் திறக்காதது அதனால்தான். உனக்கு வயதும் பத்தொன்பது.

ஆனால் அதன்பிறகு நீ வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. வேலை போனதைத் தாங்கிக்கொண்டேன். தம்பியும் போனதைத் தாங்க முடியவில்லையடா. பதினொரு வருஷம்!

எழுதட்டுமா என்று என்னைக் கேட்கிறாய். பெரியவளாயிற்றே, "போகட்டும் விடு" என்பாள் என்ற நினைப்பு. அப்படி விட எனக்கு மனசில்லை. நான் கேட்டேன் என்று எழுது. கையெழுத்துப் போட்டு எழுது.

நகலைத் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டுவா.

அக்கா