விபூதி மடித்த சீட்டு

ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போக வேண்டுமென்று முந்தாநாள் அந்த நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்தேன். பையில் நீ வைத்த விபூதிப் பொட்டலம் அப்படியே இருந்தது. மடித்திருந்த தாள் நம் தினசரி காலண்டரின் சீட்டு. நடுவில் பெரிதாக இருந்தது நீ போன நாளின் தேதி. எண்கள் எனக்கு என்றுமே தெரியும், பெட்டி எண் பார்த்து முப்பது வருடம் தொழிற்சாலையில் சுமந்தவன். அதற்குக் கீழே உள்ள பொடி எழுத்தை இப்போதுதான் படித்தேன். அ. பிறகு அந்தப் பொல்லாத ஷ். ட. மி. இரவு 9.12 வரை.

படித்து முடித்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. யார் உதவியும் இல்லாமல் படித்துவிட்டேனே. பிறகுதான் கோபம் வந்தது. அன்றைக்குத் தசமி என்று சொன்னாயே.

நீ போன பிறகு வீட்டில் அந்தக் காலண்டரைப் படிக்க ஆளில்லை. நம் பையனுக்கு மராட்டியும் இங்கிலீஷும்தான் படிக்க வரும். ஊரின் மறுகோடியில், கராடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். நம் கட்கியிலிருந்து பஸ் பிடித்துப் போய் நானும் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். ஷ, ஜ, ஹ எல்லாம் கடைசியில்தான் வரும் என்றாள். அதனால்தான் உன் பொய் இத்தனை மாதம் பிழைத்தது.

எனக்கு அஷ்டமியும் நவமியும் ஆகாது என்று உனக்குத் தெரியும். எட்டும் ஒன்பதும் தங்களை எல்லோரும் ஒதுக்குவதாகச் சாமியிடம் போய் அழுதனவாம். அதனால் சாமி எட்டில் கிருஷ்ணராகவும் ஒன்பதில் ராமராகவும் பிறந்தாராம். நீ சொன்ன கதைதான். "சாமியே சேத்துக்கிட்டாரு, ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்பாய். சாமிக்குக் கால்விரல் நசுங்கவில்லை, எனக்கு நசுங்கியது என்பேன் நான். பெட்டி விழுந்த அன்று அஷ்டமி என்று சொன்னதும் நீதான். அதை மட்டும் இனி எப்படி நம்புவது?

அன்று காலை கண் ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டேன். "தசமிங்க. கெளம்புங்க, டாக்டர் காத்துக்கிட்டு இருப்பாரு." சொல்லிக்கொண்டே விபூதியை மடித்துப் பையில் வைத்தாய். வழக்கமாக முந்தின நாள் சீட்டில்தானே மடிப்பாய்? அன்றைய சீட்டையே கிழித்திருக்கிறாய். வருகிற தமிழாள் யாராவது உரக்கப் படித்துவிடுவார்கள் என்று பயந்தாயா? நான் எட்டு வரை எண்ணத் தெரிந்தவன். தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. அங்கிருந்து விரல்விட்டிருந்தால் போதும். முந்தின இரவு வானத்தைப் பார்த்திருந்தால் நிலா பாதிகூட வளரவில்லை என்று தெரிந்திருக்கும். நான் உன் வாயைத்தான் பார்த்தேன்.

மதியம் திரும்பும்போது நீ கூடத்தில் படுத்திருந்தாய். பக்கத்து வீட்டு மராட்டிக்கார வைனி உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஒரு கண் கட்டியிருந்தது. மறு கண்ணில் புரை. உன் முகம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் பூசாரி திதி கேட்டார். ஐப்பசி வளர்பிறை தசமி என்று அழுத்திச் சொன்னேன். நீ சொன்னதைத்தானே சொல்ல முடியும்? வருகிற தலைத் திவசத்தை இரண்டு நாள் தள்ளி வைத்து, உன்னை இலைக்கு முன்னால் காக்க வைத்திருப்பேன். உன் பொய் உன் சோற்றிலேயே விழ இருந்தது.

ஒருவேளை மராட்டிக் காலண்டர் உன் பக்கம் பேசுமோ என்று நேற்று வைனியிடம் போய்ப் போன வருடத்துக் காலண்டரைப் பார்க்கச் சொன்னேன். நமக்கு ஐப்பசி, அவர்களுக்கு அது கார்த்திக். மாதமே வேறாக இருக்கும்போது திதியும் வேறாக இருக்கக் கூடாதா? அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தாள். "அஷ்டமி ஹை, காகா. சாந்த் தோ ஏக் ஹீ ஹை நா?" ஆமாம், நிலா ஒன்றுதான். பூசாரிக்குப் போன் செய்தேன். "நீங்க சொன்னதத்தானே பெரியவரே எழுதினேன்? உடுங்க, அஷ்டமியிலயே குடுத்துடலாம்" என்றார். அவரோடு சண்டை போட்டு என்ன பயன்? போட வேண்டிய ஆள் நீ. அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

இப்போது மறு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். நீ பொய் சொல்லித் திறந்து வைத்த கண்ணால்தான் இதை எழுதுகிறேன். நான்கு வரிக்கு ஒருமுறை கை ஓய்ந்துபோகிறது. பையன் பார்த்தால் திட்டுவான்.

இன்று காலை அவன் வண்டிக்குப் போன் செய்யுமுன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "இன்னிக்கு என்ன திதிப்பா? அப்புறம் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வரமாட்டேன்னு சொல்லக் கூடாது."

சுவரருகே போய் நின்று படித்தேன். ந. வ. மி. ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. உன் சீட்டை விபூதியோடு மறுபடி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"தசமிடா. ரிக்‌ஷா கூப்பிடு" என்றேன்.