அகழி இல்லாத மேடு

மச்சான்,

உன் அளவுநாடா கடல் தாண்டித் தபாலில் வந்திருக்கிறது. டோர்செட் பார்க்கில், என் பதினோராம் மாடிச் சமையலறை மேசையில் அதை இழுத்தேன். காய்ந்த வேல்ஸ் மண் கொட்டியது. துடைக்க மனம் வரவில்லை. கூடவே நீ மேடுகளைக் குறித்து வைத்த கொப்பியும், உன் மனைவி எழுதிய துண்டுக் கடிதமும். "அண்ணை, கடைசி மேட்டுக்கு இவர் கேள்விக்குறி போட்டிருக்கிறார். அதை அழிச்சு, கோட்டை எண்டு உங்கடை கையாலை எழுதி அனுப்புங்கோ. அவரின்ரை கடைசி ஆசை அது."

ஆஸ்பத்திரி வேலைக்கென்று வேல்ஸுக்குப் போனவன் நீ. லீவு நாளெல்லாம் செம்மறி மேயும் வயல்களில் கோட்டை தேடி அலைந்தாய். கற்கோட்டை அல்ல, எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் மண்ணைக் குவித்து, மேலே மரத்தால் கட்டியவை. மரம் உக்கிப்போக மேடுதான் மிச்சம். அது கோட்டையா, வெறும் மண்ணா என்பதே உன் தலையிடி.

நான் வந்திருந்த மாரியில், "படுத்துப் பார் மச்சான்" என்று ஈரப் புல்லில் என்னையும் விழுத்தினாய். சாய்ந்த வெயிலில், தட்டையாய்க் கிடந்த வயலிலிருந்து வரம்புகளும் அந்தக் கடைசி மேடும் நிழலோடு எழும்பின. எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சண்டைக் காலத்திலை பங்கர் வெட்டின எனக்குத் தெரியாதோ? மண் குவிச்சால், தோண்டின கிடங்கு பக்கத்திலை இருக்கவேணும். அகழி எங்கை? உது தானாக் கிடக்கிற மேடடா."

"உன்ரை பங்கருக்கு எத்தினை வயசு?" என்று சிரித்தாய். ஆனால் அங்கேயே கேள்விக்குறியைப் போட்டுவிட்டாய்.

நேற்று, அவளுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், கணினியில் அந்த வயலின் வான்படத்தைத் திறந்தேன். மழையில்லாத இந்தக் கோடையில் எடுத்தது. புல்லெல்லாம் வைக்கோல் நிறம். மேட்டைச் சுற்றி மட்டும் பச்சை வளையம். தூர்ந்த அகழி அடியில் ஈரத்தை வைத்திருந்திருக்கிறது! கதிரையை விட்டு எழும்பி நின்றேன். இத்தனை நூறு வருட மழையும் உழவும் ஒரு கிடங்கை மூடிவிடும் என்று எனக்கு அன்று தோன்றவில்லையே.

அவளுக்குப் போன் எடுத்தேன். "தங்கச்சி, அகழி தெரியுது. நான்தான் பிழை போலை."

 "அப்ப கேள்விக்குறியை அழிக்கிறியளோ?"

"இல்லையம்மா. வெட்டிப் பாக்காமல் அழிச்சால் அவன் என்னைச் சும்மா விடமாட்டான்."

வான்படத்தைக் கொப்பியில் ஒட்டிவிட்டேன். அந்த ஊர்த் தொல்லியல் சங்கத்தார் மேட்டை வெட்டும்போது நாடாவோடு நான் அங்கே நிற்பேன். எத்தனை வருடம் உன்னோடு வாதாடினேன்! ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த ஒருமுறை நான் தோற்கவேண்டும், மச்சான்.