அம்மா கூப்பிடாமல் இருந்த நாட்கள்

மார்ச் 29, சனி

கிராம்பியன்ஸ் மலையடிவாரத்தில் ஒரு பண்ணை. அண்ணாவோடு வேலை செய்யும் ஒருவருடைய மாமனாரின் காணி. காருக்குள் இருந்து எழுதுகிறேன், விரல் விறைத்துப் போயிருக்கிறது.

வீட்டில் சொன்னது காம்பிங் என்று. உண்மை என்னவென்றால், அண்ணாவிடம் வில், என்னிடம் அம்மா எறிந்த பழைய வக்யூம் கிளீனரின் குழாய். இங்கே இப்போது இலையுதிர்காலம், செம்மான்கள் ஜோடி தேடும் காலம். குழாய்க்குள் வாயை வைத்து உறுமினால் போட்டிக்கு இன்னொரு கலைமான் நிற்கிறது என்று கோபத்தோடு வரும். மூக்கால் மெல்ல முனகினால் பெண்மான் என்று நினைத்து வரும். நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. சுபாங்கன் அண்ணாவுக்கு இருபத்துமூன்று வயது, எலெக்ட்ரீஷியன், வீடியோ மட்டும்தான் பார்ப்பார். வாசித்துச் சொல்வது என் வேலை.

அம்பு எய்ய மான் முப்பது மீட்டருக்குள் வரவேண்டும். அதனால் கூப்பிடுகிறவர் வில்காரருக்கு நாற்பது மீட்டர் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். சத்தத்தைத் தேடி வருகிற மான் வில்லைத் தாண்டிப் போகப் பார்க்கும். நான் இருந்த இடத்திலிருந்து அண்ணாவின் தொப்பி மட்டும் தெரிந்தது.

ஒன்று வந்தது. அறுபது மீட்டரில் நின்றுவிட்டது. முனகினேன். அசையவில்லை. திரும்பவும், திரும்பவும். கால் மணி நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

"ஹம்சா, நீ கூப்பிட்டுக் கூப்பிட்டே அவனை நிப்பாட்டிப்போட்டாய்," என்றார் அண்ணா. "நீ எங்கை இருக்கிறாய் எண்டு அவனுக்குத் தெரியும். பிறகேன் அவன் நடக்கப்போறான்?"

மார்ச் 30, ஞாயிறு

மழை. மான் இல்லை. வரும் வழியில் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன்:

எட்டத்தில் நிற்பதை மேலும் கூப்பிடாதே. சத்தத்தை நிறுத்து. நீ போய்விட்டாயோ என்று அது நினைக்கவேண்டும். அது குரல் கொடுத்தாலும் உடனே பதில் சொல்லாதே. தேடட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பலித்தது. நேற்று மாலை அது அதேபோல் நின்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். இருபத்திரண்டு நிமிடம். கால் மரத்துப் போனது, எறும்பு கடித்தது, அசையவில்லை. பிறகு சுள்ளி முறிகிற சத்தம், நாண் அதிர்கிற சத்தம், ஓடுகிற சத்தம்.

ஓடைக்கரையில் கிடந்தது. வயிற்று மயிரில் காயாத சேறு. கண் திறந்திருந்தது. அண்ணா அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் குந்தியிருந்தார்.

"அவன் உன்னைத்தான் தேடி வந்தவன்," என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

அதுவரை எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று பங்குனி உத்தரம். த பேசின் என்ற இடத்துக் கோயிலில் அப்பாவுக்கு அன்னதானப் பொறுப்பு. காலையில் துருவிய தேங்காய்ப்பூப் பக்கற் எடுக்கக் கராஜுக்குப் போய் பிறீசரைத் திறந்திருக்கிறார். தேங்காய்ப்பூவுக்குக் கீழே அண்ணாவின் கையெழுத்தில் திகதி போட்ட பைகள்.

"வள்ளிக்குக் கலியாணம் நடக்கிற நாளில என்ர வீட்டுக்குள்ள மான் இறைச்சி," என்றார் அப்பா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. ஒவ்வொரு பையாக எடுத்துக் கொண்டுபோய்ச் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். அண்ணாவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு உயிரை எடுத்துவிட்டுக் குப்பையில் போடுவதுதான் பாவம் என்றார்.

"இந்த வீட்டில இருக்கிறதெண்டால் நான் சொல்லுறபடி இரு."

"அப்ப இருக்கேல்லை."

அண்ணா வில்லையும் ஒரு உடுப்புப் பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகிறபோது குசினி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான்தான் கூப்பிட்டனான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? நான் கோயிலுக்குப் போகப் பாவாடை தாவணி உடுத்தியிருந்தேன். அதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருடம். அம்மா ஒன்பது தரம் அழைத்தார். ஒருமுறை மட்டும் அண்ணா எடுத்து, "பிறகு எடுக்கிறன் அம்மா," என்றார். எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மா சோறு வடிக்கும்போதும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். அண்ணா கிளேட்டனில் நண்பன் வீட்டில்தான் இருக்கிறார். காரில் இருபது நிமிடம். வரவும் மாட்டார், ஒரேயடியாகப் போகவும் மாட்டார்.

எட்டத்தில் நிற்கிறார்.

இன்று அம்மாவிடம் சொன்னேன். கூப்பிடுவதை நிறுத்துங்கள், கூப்பிடக் கூப்பிட அவர் அங்கேயே நிற்பார், சத்தம் இல்லாமல் போனால்தான் தேடி வருவார்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உதெல்லாம் புத்தகத்தில இருக்கோ?"

"ஓம்," என்றேன்.

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஏழு நாள். அம்மா ஒருமுறைகூட அழைக்கவில்லை. இடியப்பத்துக்கு மாக்குழைத்த கையோடு இரண்டு தரம் போனைப் பார்த்தார், அவ்வளவுதான். அப்பா ஒன்றும் கேட்பதில்லை. கார் சத்தம் கேட்டால் மட்டும் டிவியின் ஒலியைக் குறைக்கிறார்.

மே 3, சனி

அண்ணா குரல் கொடுத்துவிட்டார்!

என் போனுக்கு ஒரு வரி, ஆங்கிலத்தில்: அம்மா எப்படி இருக்கிறார்? அவ்வளவுதான்.

உடனே எழுத விரல் போனது. நிறுத்திக்கொண்டேன். தேடட்டும். அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே கூப்பிட்டுவிடுவார், எல்லாம் கெட்டுவிடும்.

மே 7, புதன்

பக்கத்துத் தெரு கௌரிசங்கர் அங்கிள் கோயில் ரசீதுப் புத்தகம் கொடுக்க வந்தார். "உங்கட பெடியன்ர காரைப் பின்னேரம் கண்டனான். ரோட்டு முடக்கில நிண்டது. நான் நடந்துபோட்டு வரேக்கையும் நிண்டது. உள்ளுக்கு வரேல்லையோ?"

அம்மா வாசலுக்குப் போய்ப் பார்த்தார். தெரு வெறுமையாக இருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து அந்த முடக்கு நூறு மீட்டர் இருக்கும். எனக்குச் சந்தோஷத்தில் சாப்பிட முடியவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான்.

மே 12, திங்கள்

வரவில்லை. நேற்று அன்னையர் தினம். அதற்கும் வரவில்லை.

மே 18, ஞாயிறு

மதியம் அண்ணா அழைத்தார். தெரியாத நம்பர். அம்மா ஸ்பீக்கரில் போட்டார், கையெல்லாம் மஞ்சள்.

பேர்த்திலிருந்து பேசுகிறார், நாட்டின் மறு கரையிலிருந்து. அங்கிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம் போகும் ஒரு சுரங்கத்தில் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். கையெழுத்து வைத்தாயிற்று. எட்டாம் திகதிக்குள் முடிவு சொல்லவேண்டி இருந்ததாம்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார் அம்மா.

அண்ணா மெதுவாக, கோபமே இல்லாமல், "ஒருத்தரும் எடுக்கேல்லைத்தானே அம்மா. ஹம்சாவுக்கும் மெசேஜ் போட்டனான். வீட்டடிக்கும் வந்தனான். லைற் எரிஞ்சது, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தீங்கள். சரி, நான் இல்லாமலும் ஓடுது எண்டு விளங்கிச்சு," என்றார்.

அப்பா எழுந்து பின்வளவுக்குப் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்து, மழையில் நனைந்திருந்த மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

மே 19, திங்கள்

மூன்றாம் திகதி வந்த அந்த ஒரு வரி. பதில் எழுத எத்தனை நொடி ஆகியிருக்கும்? அம்மா நல்லா இல்லை, வாங்கோ. நாலு சொல்.

மே 25, ஞாயிறு

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நூலகத்துக் கதிரையில் ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணா வாரத்தில் ஒருநாள் எடுக்கிறார். ஓம் அம்மா, சாப்பிட்டனான். ஓம் அம்மா, வெயில்தான். ஒன்றரை நிமிடம். யாரோ ஒரு நல்ல பிள்ளையோடு கதைப்பது போல இருக்கிறது.

இன்று அம்மாவும் நானும் குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தோம். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெசேஜ் வந்ததை ஏன் மறைத்தேன் என்பது, அந்தக் கலைமானை நான் கூப்பிட்டது. "அது மனுசரைப் பற்றின புத்தகம் இல்லை அம்மா. மான் பிடிக்கிற புத்தகம்."

அம்மாவின் கை நிற்கவில்லை.

"தெரியும். உன்ர மேசையில கண்டனான். அட்டையில பெரிய கொம்போட நிக்குது."

"தெரிஞ்சோ... பிறகேன் நான் சொன்னதைக் கேட்டனீங்கள்?"

அம்மா இலைக்காம்பு ஒன்றை முறித்துப் போட்டார். இன்னொன்றையும் முறித்தார்.

"எனக்கும் களைச்சுப் போச்சுப் பிள்ளை. அப்பாவுக்கும் அவனுக்கும் நடுவில நிண்டு நிண்டு. கூப்பிடாமல் இருக்க ஆரும் ஒரு சாக்குச் சொல்லமாட்டினமோ எண்டு இருந்தது. நீ சொன்னாய்."

திட்டுவார் என்று நினைத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் மட்டும் அழுதிருப்பேன்.

பிறகு அம்மா கையைத் துடைத்துவிட்டுப் போனை என் பக்கம் தள்ளினார். "நீ எடு. நீ எடுத்தால் அவன் கதைப்பான்." அப்பா டிவியை நிறுத்தியது கேட்டது.

அழைத்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணா எடுக்கவில்லை.

"திருப்பி எடு," என்றார் அப்பா, அங்கிருந்தே.

எடுத்தேன்.