வெயில் பக்கத்து கோல்

கடையைத் திறந்ததும் தார்க்கயிற்று வாசனையை முந்திக்கொண்டு பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறுகிறது. கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் உன் மப்ளர் தொங்குகிறது. காப்பிக்கொட்டை நிறம், நடுவில் ஒரு அழுக்கு வெள்ளைக் கோடு. தூத்துக்குடியில் கம்பளி மப்ளர் வைத்திருந்த கிறுக்கன் நீ ஒருவன்தான். மே மாதத்து வெயிலில் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நீ கால்பந்து மைதானத்துக்குப் போனபோது, பொன்னுக்கு வீங்கியா என்று கேட்காத ஆள் இல்லை. வேப்பிலை சொருகிக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு.

நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. இப்போது நீ பெரிய மனிதன், தெரியுமா? இருந்தபோது உனக்கு ஒரு டீ வாங்கித் தராத மைதானக் கமிட்டி, உன் பெயரில் ஒரு கோப்பைப் போட்டியே நடத்திவிட்டது. மைதான வாசலில் பனை உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அதில் நீ வெள்ளைப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். உனக்கு ஏதடா அத்தனை பல்? முதுகுக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பிரம்மாண்ட ஸ்டேடியம். கழுத்தில், கம்ப்யூட்டரில் வரைந்த பச்சை வெள்ளை மப்ளர். கிளாஸ்கோவின் பெரிய அணிக்காரர்கள் போடுவது. கீழே, ‘ஸ்காட்லாந்து ஜாம்பவான்களின் தூத்துக்குடி ரசிகர்’ என்று கொட்டை எழுத்து.

இந்தக் கூத்துக்குச் சூத்திரதாரி கமிட்டிச் செயலாளர். முப்பது வயசிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. தூங்கும்போதாவது கழற்றுவானா தெரியாது. பந்தல் கட்டக் கயிறு வாங்க என் கடைக்கு வந்தவன், அந்தக் காலத்து ஸ்காட்லாந்து ஆட்டம் பாருங்க அண்ணாச்சி என்று செல்போனை நீட்டினான். பார்த்தேன். எல்லாம் மெதுவாக நகர்கிறது, பின்னால் வயலின் அழுகிறது. அதில் மழைகூடப் பொன் நிறத்தில் பெய்கிறது. ஒருவனுக்கும் சளி பிடித்ததாகத் தெரியவில்லை. பழையதை நினைத்து உருகுகிற கூட்டத்துக்கு எப்போதும் இதே வேலைதான், நாற்றத்தைக் கழுவிவிட்டு மீதியைக் கும்பிடுவது.

நீ சொன்ன ஸ்காட்லாந்தில் வயலின் இல்லை. எஞ்சின் பழுதாகி, நீ வேலை பார்த்த கப்பல் எழுபதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிளாஸ்கோவில் கிடந்தது. எஞ்சின் அறையில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த உன்னைக் கப்பல் பட்டறைக்காரர்கள் சனிக்கிழமை மதியம் வேலை முடிந்த கையோடு ஆட்டத்துக்கு இழுத்துப் போனார்கள். பெரிய அணிகளின் ஆட்டத்துக்கு இல்லை. பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மைதானம், அதில் ஒரு தோற்கிற அணி. உட்கார இடம் கிடையாது. கரித்தூள் கொட்டிய மேட்டில் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். கால்மாட்டில் ஓடுவது மழைத்தண்ணியா மற்றதா என்று கேட்கக் கூடாது. ஆட்டுக்கறி வைத்த ‘பை’ என்று ஒரு பலகாரம் விற்பார்களாம். “நம்மூரு பப்ஸை எண்ணெயில முக்கி, மழையில ஒரு மணி நேரம் வச்சா அந்த ருசி வரும்லே” என்பாய். சொல்லும்போதே நாக்கைச் சப்புக்கொட்டுவாய். வெட்கம் கெட்டவன்.

நீ வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்த ஒரு பட்டறைக்காரர், தன் மப்ளரைக் கழற்றி உன் கழுத்தில் போட்டார். அதுதான் இது. இடைவேளை விசில் ஊதியதும் உன் பக்கத்துக் கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் நகர ஆரம்பித்தது. நம்மூரில் கூட்டம் அப்படிக் கிளம்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போலீஸ் தடியடி என்று நினைத்து நீ வாசலைப் பார்த்து ஓட, அந்த மனிதர் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பினார். அங்கே அதுதான் வழக்கம். முதல் பாதியில் தன் அணி எந்த கோலை நோக்கி அடிக்கிறதோ அதன் பின்னால் நிற்பார்கள். இரண்டாம் பாதியில் அணி பக்கம் மாறினால், மழையானாலும் பனியானாலும் மொத்தக் கூட்டமும் மைதானத்தைச் சுற்றி நடந்து அடுத்த கோலுக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஒரே ஒரு குளிர்காலம். அதை வைத்து நாற்பது வருஷம் எங்கள் காதைத் தின்றாய். உலகக் கோப்பை ஓடும்போதுகூட “இதெல்லாம் ஒரு ஆட்டமாலே?” என்று எழுந்து போவாய். நான் உன்னைத் திட்டாத திட்டா? ஆனால் ஒன்று, அவர்கள் நன்றாக ஆடினார்கள் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. கேவலமாக ஆடினார்கள் என்றுதான் சொன்னாய். பெருமையாகச் சொன்னாய்.

அந்த வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தாய் பார், அதுதான் பெரிய கொடுமை. நம் மைதானத்தில் சாயங்கால நிழல் மேற்கு கோல் பக்கம் மட்டும்தான், குடோன் சுவர் புண்ணியத்தில். கிழக்கு கோலுக்குப் பின்னால் உப்புப் பூத்த மணலும் நேராகக் கண்ணில் குத்துகிற வெயிலும். ஊரே நிழலில் உட்கார்ந்திருக்க, துறைமுகத் தொழிலாளர் அணி இரண்டாம் பாதியில் கிழக்கே அடித்தால் நீ எழுந்து மப்ளரோடு நடப்பாய். அவர்கள் தோற்பார்கள் என்று ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். உன்னைத் திட்டிக்கொண்டே நானும் பின்னால் வருவேன். எதுக்குடா இந்த வேண்டாத வேலை என்று ஒருமுறை கேட்டதற்குச் சொன்னாய். “ஜெயிக்கிறவனுக்கு நாம எதுக்குலே? தோக்கிறவன் அடிக்கும்போதுதான் அங்கன ஆளு நிக்கணும்.”

இப்படிப்பட்ட உன்னைத்தான் ஜாம்பவான்களின் ரசிகன் ஆக்கினார்கள். செயலாளரிடம் சொன்னேன். இவன் நின்றது பெரிய அணிக்கு இல்லை, அந்த ஃபிளெக்ஸை மாற்று என்றேன். அவன் சிரித்தான். “தோத்த டீமைப் போட்டா எவன் அண்ணாச்சி ஸ்பான்சர் தருவான்? பழைய மப்ளர் போட்டோவுல விழாது. புதுசு ஆன்லைன்ல சொல்லியாச்சு.” பேச்சாளர் பட்டியலில் இருந்த என் பெயரும் அன்றைக்கே காணாமல் போனது.

மறுநாள் உன் வீட்டுக்காரி வந்தாள், எனக்குத் தங்கச்சி முறை. உன் மப்ளரைத் துணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அழவில்லை. “அவுக பேரு இல்லாமக்கூட நடத்தட்டும் அண்ணாச்சி. அவுகள வேற ஆளா ஆக்கிராண்டாம்” என்றாள். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

இறுதி ஆட்டம் போன ஞாயிற்றுக்கிழமை. மேற்குப் பக்கம் குடோன் நிழல் போதாதென்று பந்தல், பந்தலுக்குள் நாற்காலி, நாற்காலியில் பிரமுகர்கள். உன் படத்தை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து, வந்த விருந்தினர் அந்தப் புதுப் பச்சை மப்ளரை மாலை போலப் போட்டார். விலைச் சீட்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் செல்போனை உயர்த்தினார்கள். பிறகு அந்தச் செல்போனையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே பந்து உருண்டதைப் பார்த்தது நானும் இரண்டு நாய்களும்.

இடைவேளையில் நம் துறைமுக அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. இனி அவர்கள் அடிக்க வேண்டியது கிழக்கே. பையிலிருந்து மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், உன்னோடு நடந்து பழகிய சிரிப்புதான். பாதி தூரம் போனபின் சிரிப்பு திடீரென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். தங்கச்சி வந்துகொண்டிருந்தாள். உன் படம் அவள் இடுப்பில், குடம் தூக்குகிற மாதிரி. பச்சை மப்ளர் நாற்காலியிலேயே கிடந்தது.

செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தான். படம் பந்தலில் இருக்க வேண்டும், பரிசளிப்புக்கு வேண்டும், வெயிலில் ஏன் போகிறீர்கள் என்றெல்லாம் கேட்டான். அவள் நிற்கவே இல்லை.

“அவுக ஒருநாளும் ரெண்டாம் பாதியை நிழல்ல உக்காந்து பாத்ததில்ல, தம்பி.”

அடையாள அட்டையைத் தடவிக்கொண்டு அவன் அங்கேயே நின்றான்.

கோலுக்குப் பின்னால் உப்பு மணலில் உன்னை நட்டு வைத்தோம். என் கழுத்திலிருந்த மப்ளரைப் படத்துக்குச் சுற்றினேன். கண்ணாடியில் வெயில் பட்டு உன் முகமே தெரியவில்லை. நம் ஆட்கள் இரண்டாம் பாதி முழுக்க எங்களைப் பார்த்து அடித்தார்கள். பந்து எங்கள் தலைக்கு மேலே போனது, பக்கத்தில் போனது, கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோலுக்குள் மட்டும் போகவில்லை. கேவலமான ஆட்டம். உனக்குப் பிடித்திருக்கும்.

விசில் ஊதியதும் தங்கச்சி கேட்டாள், தோத்துட்டாவளா என்று. ஆமாம் என்றேன். அவள் குனிந்து படத்தில் ஒட்டிய மணலை முந்தானையால் துடைத்தாள். “இன்னைக்கு வீட்டுக்கு வந்து சோத்தத் தொட மாட்டாவ” என்றாள். அன்றைக்கு ஒருநாள் நான் உன்னைத் திட்டவில்லை. 

படத்தை அவள் எடுத்துக்கொண்டாள். மப்ளரை என்னிடம் கொடுத்து, இது உங்ககிட்டயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் துறைமுக அணிக்கு முத்தையாபுரத்தில் ஆட்டம். அங்கே எந்தப் பக்கம் வெயில் என்று தெரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதும்போது ஆணியிலிருந்து எடுத்துச் சும்மா கழுத்தில் போட்டுப் பார்த்தேன். சனியன், என்னமாய் அரிக்கிறது. நாற்பது வருஷம் இதை எப்படித்தான் போட்டிருந்தாயோ. இன்னும் கழற்றவில்லை.