குழுப்படத்தில் தெரியும் திருநீறு

அன்புள்ள அம்மா,

ரொறன்ரோவில் நீங்களும் அப்பாவும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருப்பீர்கள். நானும் சுகம், பயப்படவேண்டாம்.

நேற்று நம் சபை வாலிபர் குழு இங்கே யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வீடு வீடாக ஜெபிக்கப் போனபோது, வெயிலில் தலைசுற்றி விழுந்துவிட்டேன். மீனாம்பிகை என்ற சைவ அம்மா தேசிக்காய் பிழிந்த தண்ணீர் தந்து, "ஆரின்ரை பிள்ளையோ தெரியேல்லை, முருகா, காப்பாத்து" என்று என் நெற்றியில் திருநீறு பூசினா. அந்தத் திருநீறோடேயே நான் நிற்கும் குழுப்படத்தை அங்கே நம் சபையின் ஞாயிறு ஆராதனையில் திரையில் காட்டப் போகிறார்களாம். போதகரான அப்பா அதைச் சபைக்கு முன்னால்தான் முதன்முதலில் காண்பார். அதற்கு முன் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கிழமை அங்கிருந்து இங்கே வரும் நிமலினி அன்ரியிடம் என் தொப்பியைக் கொடுத்துவிடுங்கள். வாகனம் வந்துவிட்டது.

அம்மா, அந்த மீனாம்பிகை அம்மாவுக்காக ஜெபிக்கத்தான் போனோம். அவ முந்திவிட்டா. எனக்கு அந்தத் திருநீற்றை அழிக்க மனம் வரவில்லை.

உங்கள் மகன்,
ஜொனதன்