மூன்றாம் ஓலைக்கு முன்

நவம்பர் 12, வியாழன்

விடியலிலிருந்து மழை. வீடெல்லாம் ஈரத் துணி வாடை. வெள்ளைச் சாட்டின் துணி ஆறு கஜம் வந்தது, ஜெசிந்தாவின் கல்யாணச் சட்டைக்கு. கொண்டுவந்தவள் அவள் தாய் பிலோமினா. இரண்டு வருடத்துக்குப் பிறகு என் வாசற்படி மிதித்தாள்.

"மதலேன், உன்ர கைத் தையல்தான் வேணுமெண்டு பிள்ளை ஒற்றைக் காலில நிக்கிறாள்."

வெட்கமில்லாதவள். உள்ளே என் தங்கை ரோசலின் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கும் கோயிலில் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு மணமக்கள் பெயர் வாசித்தால் கல்யாணம். இரண்டு வாசித்தாயிற்று. அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடிதம்: பெண்ணுக்குக் கசநோய். பச்சைப் பொய். அவர்கள் விசாரிக்கவும் இல்லை, கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தை நான் பார்த்தேன். இடக்கையால் எழுதிய கோணல் எழுத்து. ஆனால் தலைப்பில் சேசு மரி சூசைக்கு மூன்று சிலுவை, நடுச் சிலுவையின் காலடியில் சின்னப் பூ. மடத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்த காலம் தொட்டு அந்தப் பூவைப் போடுகிறவள் ஒருத்திதான், பிலோமினா. அந்த மாப்பிள்ளையைத் தன் சித்தி மகளுக்குப் பார்த்திருந்தாள். பெயரை மறைத்தாள், பக்தியை மறைக்கத் தெரியவில்லை. மூதேவி.

சட்டை தைக்க ஒப்புக்கொண்டேன். சுவாமியார் கேட்டபோது நானாகத்தான் கை உயர்த்தினேன்: நத்தார்ப் பண்டிகை வரை நாளுக்கு ஓர் இரக்கச் செயல், ஒவ்வொன்றுக்கும் பாலன் இயேசுவின் குடிலுக்கு ஒரு வைக்கோல். பீங்கான் கடைப் பெட்டியில் வந்த வைக்கோலை வாங்கி வைத்திருக்கிறேன். பிலோமினாவுக்குச் செய்தால் ஒன்று போதாது. ஒரு கட்டு வேண்டும்.

வாங்க: வெள்ளை நூல், கொக்கி, மண்ணெண்ணெய்.

நவம்பர் 14, சனி

காலை வெயில், பின்னேரம் இடி. அளவெடுக்க ஜெ. வந்தாள். நல்ல பிள்ளை, அதுதான் எரிச்சல். தாய் வராவிட்டாலும் இவள் ஈஸ்டருக்கு வந்து என்னிடம் தைத்தவள். அப்போது இடுப்பு 26. இப்போது 22½. நாடாவைத் திரும்பப் பிடித்துப் பார்த்தேன். அதேதான்.

இருமினாள். வாய் துடைத்த கைலேஞ்சியை மறைக்கப் பார்த்தாள். சிவப்பு.

"எத்தனை நாளா?"

"ஓகஸ்டில இருந்து, மாமி. பின்னேரத்தில காய்ச்சலும். அம்மாட்டச் சொல்லாதேங்கோ. கலியாணம் முடியட்டும். கொஞ்சம் பஞ்சு வைச்சுத் தைப்பீங்களா?"

சரி என்றேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். வாய்விட்டு. கடவுள் இருக்கிறார் என்று இவ்வளவு நிச்சயமாக ஒருநாளும் தோன்றியதில்லை.

இன்றைய இரக்கம்: ட்ராமில் ஒரு கர்ப்பிணிக்கு இடம் விட்டேன். வைக்கோல் ஒன்று.

நவம்பர் 15, ஞாயிறு

மழை இல்லை. ஜெ.யின் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பிலோமினா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். புதுச் சேலை, கழுத்து நிறைய நகை.

25ஆம் தேதி கல்யாணம். 29இல் ஆகமன காலம் தொடங்கினால் நத்தார் முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆக, மூன்றாம் ஓலைக்கு முன்தினம் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் போதும். எங்களுக்கு வலித்த இடத்திலேயே அவளுக்கும் வலிக்கும். ரோசலினுக்குப் பார்த்த வீட்டைப் போலவே இந்த மாப்பிள்ளை வீடும் வத்தளை ஊர்தான். இந்தக் கடிதத்தில் பொய்யும் இருக்காது.

பூசை முழுக்க இதே யோசனை. பீடத்தடியில் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. போகத் துணிவில்லை.

நவம்பர் 17, செவ்வாய்

கடிதம் எழுதினேன். நாலு வரி. பெயர் போடவில்லை. பைக்குள் வைத்தேன்.

பிறகு அதைவிட நல்ல யோசனை. சும்மா இருந்தாலே போதுமே! பஞ்சு வைத்துத் தைத்து அனுப்பிவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் வைத்து எல்லாம் வெளிவரும். அன்று பிலோமினாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். பிள்ளை கேட்டதைத்தானே செய்தேன் என்று அதற்கும் ஒரு வைக்கோல் போடலாம்.

ரோசலின் பஞ்சைப் பார்த்துவிட்டாள். "இவ்வளவும் ஆருக்கு?" சொன்னேன். ஊசியைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கசநோயோட பிள்ளை பெத்தா அவள் செத்துப்போவாள், அக்கா."

"அவளின்ர தாய் உன்னை என்ன செய்தவள்?"

"அது எனக்குத் தெரியும், நீங்க சொல்லித் தரத் தேவையில்லை. என்ர பேரைச் சொல்லி ஒருத்தியைக் கொல்லாதேங்கோ."

சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வைக்கோல் இல்லை.

நவம்பர் 19, வியாழன்

திரும்பவும் மழை. பஞ்சைத் தைத்தேன். பிரித்தேன். திரும்பவும் தைத்தேன். விரலில் இரண்டு இடத்தில் ஊசி.

ஜெ. போட்டுப் பார்க்க வந்தாள். சாட்டினுக்கு மேலாலேயே கை சுட்டது. கன்னம் இரண்டும் சிவந்து, கண் பளபளத்து, "மாமி, வடிவா இருக்கிறனா?" என்றாள்.

"ஓம்" என்றேன். உண்மையிலேயே வடிவு.

இவள் மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. தாய் மேல் உள்ளது ஒரு குண்டுமணியும் குறையவில்லை. சொன்னாலும் பிலோமினா அழுவாள், சொல்லாவிட்டாலும் அழுவாள். சொன்னால் பிள்ளை தப்பக்கூடும். இதை யோசிக்க எனக்கு ஐந்து நாள்.

நவம்பர் 21, சனி

தூறல். எட்டு மணிக்கே பிலோமினா வீடு. பலகாரம் சுடும் வாசனை. ஜெ.யையும் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"பழி வாங்க வந்தனியோ?" என்று கத்தினாள்.

"ஓம். அதுக்கும்தான் வந்தனான். மகளின்ர கைலேஞ்சியைப் பார். பார்த்திட்டுக் குடையை எடு."

பார்த்தாள். குடையை எடுத்தாள்.

ட்ராமில் சனம். "இஸ்ஸரஹட்ட யன்ன, நோனா!" என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்தி முன்னால் தள்ளினான். ஜெ. என் தோளில் சாய்ந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் முதுகில் தட்டிக் கேட்டார். இடப்பக்க நுரையீரல். ஒரு வருடமாவது ஆஸ்பத்திரி. ஆரம்பம்தான், பிழைப்பாள். இப்போது கல்யாணப் பேச்சே கூடாது.

பிலோமினா வாங்கில் குந்தி அழுதாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இனித்தது. இங்கே பொய் எழுதி என்ன பயன்? பிள்ளை இருமத் தொடங்கினாள். எழுந்து போய்ச் சளி துப்பக் கோப்பையைப் பிடித்தேன்.

பின்னேரம் அவள் வீட்டில். "நாளைக்கு ஓலை. இண்டைக்கே வத்தளை மாப்பிள்ளை வீட்டுக்கு அண்ணனிட்ட ஒரு கடிதம் குடுத்துவிட வேணும். எனக்குக் கை ஓடேல்ல. நீ எழுதித் தா, மதலேன்."

என் பையில் செவ்வாய்க்கிழமைக் கடிதம் இருந்தது. அதற்கு அடியிலிருந்து வெறுந்தாளை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"நீயே எழுது. வலக்கையால."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவைத் தோய்த்து மூன்று சிலுவை போட்டாள். நடுச் சிலுவைக்குக் கீழே வந்ததும் பேனா நின்றது.

"பூவையும் போடு" என்றேன்.

போட்டாள். நோயை எழுதினாள், டொக்டர் சொன்னதை எழுதினாள், மன்னிக்கும்படி எழுதினாள். முடித்து மடிக்கப் போனாள்.

"பொறு. இந்த முறை கீழ பேரையும் போடு."

போட்டாள். முழுப் பெயர்.

வைக்கோல்: ஒன்று.