‘வாங்க’ என்று சொன்னதற்கு

உக்கடம், கோவை
8.7.2024

சின்னப்பராஜுக்கு,

கம்பெனி உன்னோடு சேர்த்து இருபத்தாறு பேரை நிறுத்தியது. மறுநாள் நீ என் கடைக்கு வந்தாய். மோட்டார் வைண்டிங் வேலை இருக்கிறது, நாளைக்கே சேரலாம் என்றேன். டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாய். ராஜ்கோட்டில் பம்ப்செட் கம்பெனியில் சேர்ந்துவிட்டாய் என்று உன் வீட்டுக்காரி அற்புதம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீ போனை எடுப்பதில்லை. அதனால் அங்கே எனக்கு லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர் மருதாசலத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். லாரியில் வரும் கடிதத்தைக் கட் பண்ண முடியாது பார்.

கடை அடைக்கும்போது பழைய வழக்கத்தில் இரண்டு டீ சொல்லிவிடுகிறேன். இரண்டையும் நானே குடித்து சுகர் இருநூற்றுப் பத்துக்கு வந்துவிட்டது. என்ன தப்புச் செய்தேன் என்று ஒரு வரி எழுது.

அப்துல் முத்தலிப்


ராஜ்கோட்
23.7.2024

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

என்ன தப்பு என்று கேட்கிறீர்கள். அன்றைக்கு நான் படியேறியதும் ‘வாங்க சின்னப்பராஜ், உக்காருங்க’ என்றீர்கள். எட்டாம் வகுப்பிலிருந்து எனக்கு ‘வாடா சின்னப்பா’ தான். கம்பெனியிலும் ‘உங்க கணக்க முடிச்சுக்குங்க’ என்று மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். நம் ஊரில் ரோட்டில் போகிறவருக்கும் ‘ங்க’ உண்டு. வேலையும் போய், நீயும் ‘ங்க’ போட்டால், நான் யார் கடையில் போய் உட்கார?

இங்கே வாரத்தில் நாலு நாள்தான் வேலை. ஆர்டர் இல்லாத நாளில் கூப்பிடமாட்டார்கள். எட்டுப் பேர் ஓர் அறை. பருப்பில் வெல்லம் போடுகிறார்கள்.

மகள் லின்சிக்கு நர்சிங் ஃபீஸ் கட்ட வேண்டும். வீட்டில் சும்மா நிற்கும் காயில் சுற்றும் மெஷினை விற்றுக் கொடுங்கள். வேறு உதவி வேண்டாம்.

சின்னப்பராஜ்


உக்கடம், கோவை
12.8.2024

டேய் சின்னப்பா,

அன்றைக்குக் கடையில் பதினோரு பேர் வேலையில் இருந்தார்கள். மறுநாளிலிருந்து அவர்களோடு உட்காரப் போகிறவன் நீ. நான் ‘டா’ போட்டால் என் மகன் வயசுக்காரர்களும் உன்னை வாடா போடா என்பார்கள். முதல் நாளே மரியாதையைக் கட்டிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். வியாபாரத்தில் இப்படி ஒரு கணக்கை நான் தப்பாகப் போட்டதில்லை.

மெஷினுக்கு ஈரோட்டுக்காரர் ஒருவர் நாற்பதாயிரம் சொன்னார். நல்ல விலை. பெரியநாயக்கன்பாளையத்தில் உன் வீட்டுக்கு அவரை நானே கூட்டிப்போனேன். அற்புதம் மெஷின்மேல் மூடியிருந்த பழைய சேலையை எடுத்துவிட்டு, “இதையும் வித்துப்போட்டா அவரு வாரதுக்கு ஊட்டுல என்னங்கண்ணா இருக்குது?” என்றாள்.

“ஏனம்மணி, நீ இருக்கறயே?”

“நான் இருக்கறேன்னா வந்துருவாரு? இருவத்தஞ்சு வருசமா இதைத்தான பாத்துட்டு உக்காந்திருந்தாரு.”

சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

ஈரோட்டுக்காரரை அனுப்பிவிட்டேன். நானும் வாங்கமாட்டேன். வாடகைக்குக் கொடு. சீசனுக்கு எனக்கும் மெஷின் வேண்டியிருக்கிறது, பொய் சொல்லவில்லை. மாசம் நாலாயிரம் தருகிறேன்.

எப்போது வருகிறாய்?

முத்தலிப்


ராஜ்கோட்
30.8.2024

டேய் முத்தலிபு,

மருதாசலம் லோடு ஏற்றி முடித்ததும், “ஏனுங்க, சீட்டு ஒண்ணு காலியாத்தானுங்க இருக்குது, வாரீங்களா?” என்றார். ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியில் மருதமலை முருகன் படம், நம் ஊர் ஜவுளிக்கடை காலண்டர். இரண்டையும் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டேன். பொங்கல் வரை கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நடுவில் போனால் பிடித்து வைத்திருக்கிற சம்பளம் வராது.

நாலாயிரம் வாடகை இல்லை, தர்மம். அந்த மெஷினுக்கு ஆயிரத்தைந்நூறுதான் என்று உனக்கே தெரியும். ஆகவே: மாசம் ஆயிரத்தைந்நூறு. ஒரு வருசத்துப் பதினெட்டாயிரத்தை முன்பணமாக இந்த வாரமே அற்புதம் கையில் கொடுத்துவிட வேண்டும். பெல்ட் அறுந்தால் உன் செலவு. மெஷின் வீட்டை விட்டு நகரக் கூடாது, உன் ஆள் அங்கே வந்து சுற்றட்டும். நான் ஊரில் இறங்குகிற அன்றைக்கு வாடகை நின்றுவிடும். மிச்சமிருக்கிற முன்பணத்தை, காயிலுக்கு இவ்வளவு என்று, உன் கடையில் உட்கார்ந்து சுற்றிக் கழிப்பேன்.

சின்னப்பா